சின்ன நாயும் தோட்டத்துக் கிணறும்: நீச்சலைவிடக் கரையேறுவதுதான் முக்கியம்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) குடி வந்திருக்கிறோம். எங்கள் நாய் பொமரேனியன் கிராஸ், 2 வயது, 7 கிலோ. தோட்டத்தில் கிணறும் பண்ணைக்குட்டையும் உண்டு. கீழ்பவானி வாய்க்கால் நடந்து போகிற தூரம்தான். "நாயிக்கெல்லாம் நீச்சல் தானா வரும், தூக்கிக் கிணத்துல போடு" என்கிறார் மாமா. போடலாமா? லைஃப் ஜாக்கெட் தேவையா? ஆடி 18க்கு பவானி கூடுதுறைக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்:

கிணற்றில் போடாதீர்கள் தம்பி. அதற்காக மாமா சொல்வது முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. நாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே, பாதம் நனையும் முன்பே சில நாய்கள் வெறும் காற்றில் கால் போட ஆரம்பித்துவிடும். பிறவியில் வருவது அந்தக் கால் அசைவு மட்டும்தான். உடம்பை மட்டமாக வைத்து மிதப்பது, மூச்சு வாங்காமல் போவது, திசை பார்த்துத் திரும்புவது, களைப்பதற்குள் கரை சேர்வது இதெல்லாம் பழகிப் பழகித்தான் வரும். சில நாய்களுக்கு எத்தனை பழக்கினாலும் வராது.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீரில் விழுந்து தூக்கி வரப்பட்ட நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நீந்தவே தெரியாமல் முங்கியவை குறைவு. நீந்தி நீந்தி, ஏற இடம் கிடைக்காமல், சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி முன்கால் நகமெல்லாம் தேய்ந்து ரத்தம் கட்டி வந்தவைதான் அதிகம். அதனால் "என் நாய் நீந்துமா?" என்பதைவிட "விழுந்தால் எந்த வழியாக ஏறும்?" என்பதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

மாமாவின் மனதில் இருப்பது நம் ஊரில் பையன்களுக்கு நீச்சல் பழக்கிய விதம். முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை), இடுப்பில் கயிறு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. ஆனால் அந்தப் பையனுக்குக் கயிற்றின் அடுத்த முனையை மாமன் பிடித்திருப்பது தெரியும், படி எந்தப் பக்கம் என்பதும் தெரியும். நாய்க்கு இரண்டும் தெரியாது. நம்பின ஆளே தூக்கி எறிந்துவிட்டார் என்பதுதான் அதற்குப் புரியும். அப்படி எறியப்பட்ட நாய் பிறகு குளிப்பாட்ட வாளியை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கும். உயரத்திலிருந்து விழும்போது மூக்கில் தண்ணீர் ஏறி நுரையீரலுக்குப் போகும் அபாயம் தனி.

அடுத்து உங்கள் நாயின் உடம்பு. கிராஸ் நாய் என்றால் எந்த ஜாதியோடு எந்த ஜாதி சேர்ந்தது என்று ஆராய்வதில் பெரிய பயனில்லை. நம் பக்கம் பொமரேனியன் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் நாய்கள்தான். பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். மூக்கு நீளமா, சப்பையா? பக் மாதிரி சப்பை மூக்கு என்றால், மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கத் தலையை அண்ணாந்து தூக்க வேண்டும். தலை தூக்கினால் பின்பகுதி தாழும், உடம்பு செங்குத்தாகிவிடும், அப்புறம் நீந்துவது கிடையாது, தத்தளிப்புதான். அந்த ரத்தம் கொஞ்சம் கலந்து மூக்கு குட்டையாக இருந்தாலும் ஆழத்தில் இறக்காதீர்கள். டாஷ் (டாக்ஸ்ஹண்ட்) கிராஸ் மாதிரி நெஞ்சு பெருத்து, கால் குட்டையாக, முதுகு நீளமாக இருந்தால், தண்ணீரைத் தள்ளப் போதுமான கால் இல்லை. சீக்கிரம் களைக்கும், முதுகுத் தண்டுக்கும் ஆகாது. அதிகக் கொழுப்பில்லாத, நெஞ்சு ஆழமான வேட்டை நாய்ச் சாயல் என்றால் கால் பலம் இருக்கும், மிதப்பு குறைவாக இருக்கும்.

உங்களுடையது ஸ்பிட்ஸ் சாயல் என்பதால் மூக்கும் காலும் பரவாயில்லை. தொந்தரவு முடியில்தான். மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. முதல் சில நிமிடம் அந்த அடுக்கில் சிக்கிய காற்று மிதக்க உதவும். நனைந்து ஊறியபின் அதே முடி சுமை. அதற்காகக் கோடையில் மொட்டையடித்துவிடாதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அந்த முடிதான்.

7 கிலோ உடம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு சிறியதாக இருக்க இருக்க, எடைக்குத் தோல் பரப்பு அதிகம். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பெரிய நாய் அரை மணி நேரம் குதித்து விளையாடும் தண்ணீரில் உங்கள் நாய் சில நிமிடங்களிலேயே நடுங்க ஆரம்பிக்கலாம். மார்கழி, தை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் ஆடிக் காற்றில், நனைந்த நாயை மேட்டில் நிறுத்தினாலே போதும். நடுங்கினால் அன்றைய விளையாட்டு முடிந்தது. நடுக்கம் நின்று நாய் மந்தமானால் அதைக் குணமானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இன்னும் மோசமான நிலை.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். மூன்று நீர்நிலை சொன்னீர்கள். நான் அதிகம் பயப்படுவது கிணற்றைப் பார்த்து அல்ல, பண்ணைக்குட்டையைப் பார்த்துத்தான். கிணறு ஆபத்தாகக் கண்ணுக்கே தெரியும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை அப்படித் தெரியாது. சாய்ந்த கரை, அகலமான தண்ணீர், பார்த்தால் பிள்ளைகள் விளையாடுகிற இடம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த விரிப்பு நனைந்து, மேலே மெல்லிய பாசி படிந்துவிட்டால் மனிதனாலேயே ஏற முடியாது. நாயின் நகம் அதில் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் பாதி ஏறி வழுக்கும், மறுபடி நீந்தும், மறுபடி வழுக்கும். ஆடு, நாய், ஆள் என்று எல்லாருக்கும் இதே கதைதான்.

இதற்குச் செலவு அதிகமில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கெட்டியான தென்னை நார் விரிப்போ, இரண்டு மூன்று கோணிச் சாக்கைச் சேர்த்துத் தைத்த பட்டையோ எடுத்து, மேல் முனையைக் கரையில் முளைக்குச்சி அடித்துக் கட்டுங்கள். கீழ் முனையில் கல் வைத்துத் தண்ணீருக்குள் நன்றாக இறக்குங்கள். தண்ணீர் மட்டம் கோடையில் எவ்வளவு தாழுமோ அதற்கும் கீழே போக வேண்டும். பலர் தண்ணீர் விளிம்போடு நிறுத்திவிடுகிறார்கள். நாய் ஏறத் தொடங்குவது தண்ணீருக்குள்ளிருந்துதான், முன்காலுக்கு அங்கேயே பிடி கிடைக்க வேண்டும். மீன் வலை போடாதீர்கள், சின்னப் பாதம் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து இறக்குவது ஆட்களுக்கு நல்லது, 7 கிலோ நாய்க்குப் படி உயரம் அதிகம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு இடமாவது வையுங்கள். சாக்கு மக்கும், வருடா வருடம் மாற்றத்தான் வேண்டும்.

வேலி போட முடிந்தால் அதுவே முதல் வேலை. ஆட்டுக்குப் போடும் கம்பி வலையே போதும், ஆனால் அடியில் இடைவெளி விடாதீர்கள். பெரிய நாய் மேலே தாண்டும், சின்ன நாய் கீழே நுழையும்.

கிணற்றுக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பழைய வெட்டுக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இருக்காது, தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். ஓணானைத் துரத்தி ஓடுகிற நாய்க்கு விளிம்பு தெரிவதற்குள் கால் போய்விடும். சுவர் இருந்தால், அதன்மேல் ஏறி நடக்கிற பழக்கம் சில நாய்களுக்கு உண்டு, அதுவும் கவனிக்க வேண்டியது. இரும்பு வலை போட்டு மூடுவதுதான் சரியான தீர்வு. சுவரில் செருகிய கல் படிகள் ஆளுக்காக வைத்தவை, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே உங்கள் நாயின் உயரம் இருக்கும். அதனால் வலை போடும் வரைக்காவது ஒரு மிதவை போட்டு வையுங்கள். மூடி இறுக்கிய இரண்டு காலி 20 லிட்டர் கேன்களின் மேலே ஒரு பலகையைக் கட்டி, பலகையின் ஒரு விளிம்பிலிருந்து சாக்கு தண்ணீருக்குள் தொங்குகிற மாதிரி செய்யுங்கள். தண்ணீர் ஏறி இறங்குவதற்குத் தோதாகக் கயிற்றைத் தளர்வாக விட்டு மேலே கட்டுங்கள். விழுந்த நாய் முன்காலைப் போட்டுத் தொற்றிக்கொள்ள ஏதாவது இருந்தால், நீங்கள் வந்து சேரும் வரை உயிர் நிற்கும்.

கிணறும் குட்டையும் பேசும்போது மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. மோட்டார் ஒயர் எங்காவது தோல் உரிந்து ஈரத்தில் கிடந்தால், தண்ணீரிலேயே கரண்ட் இருக்கும். நாய் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்த் திடீரென்று கத்தி விறைத்தால், பிடிக்க ஓடாதீர்கள். முதலில் ஸ்டார்ட்டரை அல்ல, மெயினை அணையுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாத மோட்டார் கொட்டகைதான் நம் தோட்டங்களில் அதிகம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்று மாட்டிவிடுவது நாய்க்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

மாட்டுத் தண்ணித் தொட்டி, வீட்டு சம்ப், சொட்டுநீருக்கு உரம் கரைக்கும் தொட்டி இவையும் கணக்கில் உண்டு. குட்டி நாய் என்றால் அரையடித் தண்ணீரே போதும். உரத் தொட்டியில் விழுந்தால் முங்குவது மட்டுமல்ல, உரக் கரைசலைக் குடிப்பதும் ஆபத்து. மூடி போட்டு மேலே கல் வையுங்கள்.

வாய்க்கால் வேறு மாதிரி. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா வேண்டாமா என்று இங்கே பல வருடமாகச் சண்டை. அதில் நான் நுழையவில்லை, நாயின் கணக்கை மட்டும் சொல்கிறேன். மண் கரையில் எங்காவது வேர் இருக்கும், புல் இருக்கும், மாடு இறங்கிய சரிவு இருக்கும். கான்கிரீட் கரையில் அது எதுவும் இருக்காது. பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் இந்த வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் விடுவார்கள். வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி ஓடி விளையாடிப் பழகிய நாய், தண்ணீர் வந்த மறுநாளும் அதே இடத்தில் அதே வேகத்தில் இறங்கும். ஆகவே திறப்பு அறிவிப்பு வந்தால் அன்றிலிருந்து வாய்க்கால் மேட்டில் கயிறில்லாமல் விடாதீர்கள். மதகு, ஷட்டர், தண்ணீர் சரிந்து விழும் இடம், பாலத்தின் அடி இவற்றின் பக்கம் கயிறோடு கூடப் போக வேண்டாம். ஷட்டருக்கு முன்னால் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், இழுப்பு அடியில் இருக்கும்.

ஓடும் தண்ணீரில் நாய் போய்விட்டால் அது நேராக உங்களிடம் வரப் பார்க்கும். அதாவது நீரோட்டத்தை எதிர்த்து. 7 கிலோ உடம்பு அதில் ஜெயிக்காது. நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று பெயர் சொல்லிக் கத்தினால், அது சாகும் வரை உங்களை நோக்கியே நீந்தும். கரையோடு கீழ்ப்பக்கம் ஓடி, நாயைத் தாண்டி முன்னால் போய், ஏறக்கூடிய சரிவில் நின்று கூப்பிடுங்கள்.

கிணற்றிலும் குட்டையிலும் இதே விதிதான். வீட்டார் எல்லாரும் சுவரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் "வா வா" என்பார்கள். நாய் ஒவ்வொருவர் காலடிக்கும் நீந்திப் போய்ச் சுவரைப் பிறாண்டும். ஒரே ஒருவர், மிதவையோ சாக்குப் படியோ இருக்கும் பக்கம் நின்று, அமைதியான குரலில் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கயிறு தேட வேண்டும்.

இனி பழக்குவது. "எங்கேயும் வேண்டாம் என்றால் எங்கேதான் பழக்குவது?" என்று கேட்பீர்கள். குழந்தைகளுக்கான காற்றடிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தொடங்குங்கள், நாயின் வயிறு நனையும் அளவுத் தண்ணீர் போதும். அப்புறம் கரை மெதுவாகச் சரியும் ஏரியோ குட்டையோ பாருங்கள். நீரோட்டம் இருக்கக் கூடாது, அடி கெட்டியாக இருக்க வேண்டும், நீங்களே முதலில் இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். சேறு அதிகம் என்றால் வேறு இடம். கூட ஒருவர் கரையில் இருக்கட்டும்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை போடுங்கள். கையில் வேகவைத்த கோழித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஊறிப்போகும் பிஸ்கட் வேண்டாம். நீங்கள் முன்னால் நடங்கள், அது தானாகப் பின்னால் வரட்டும். தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாதம், முழங்கால், வயிறு என்று எந்த இடத்தில் நிற்கிறதோ அன்றைக்கு அதுவே எல்லை. கால் தரையை விடும் கட்டம் வந்ததும் ஒரு கையை அடிவயிற்றின் பின்பகுதியில், தொடைக்கு முன்னால் கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடியுங்கள். புதிதாக நீந்தும் நாய் முன்காலால் மட்டும் தண்ணீரை அடிக்கும், தலைக்கு மேலே தெறிக்கும், பின்கால் சும்மா தொங்கும். இடுப்பு மேலே வந்தால் பின்காலும் தானாக வேலை செய்யத் தொடங்கும். வலது முன்காலும் இடது பின்காலும், இடது முன்காலும் வலது பின்காலும் மாறி மாறிப் போய், தெறிப்பு அடங்கிச் சத்தமில்லாமல் போனால் நீச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் முகத்தை எப்போதும் கரைப் பக்கம் திருப்பியே விடுங்கள். கரையிலிருந்து ஆழத்துக்கு நீந்தப் பழக்கத் தேவையே இல்லை. ஆழத்திலிருந்து கரைக்கு வரத்தான் பழக்க வேண்டும். ஏறும் இடத்தில் வெள்ளைச் சாக்கோ துண்டோ விரித்து அடையாளம் வையுங்கள். முதலில் அதற்கு நேர் எதிரிலிருந்து, பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் என்று விட்டு, எங்கிருந்து விட்டாலும் அந்த வெள்ளையைத் தேடி வரும் வரை செய்யுங்கள். இது வந்தபின் உங்கள் பண்ணைக்குட்டையின் நார் விரிப்பு ஓரத்திலும் அதே வெள்ளைத் துண்டைக் கட்டுங்கள். அங்கே ஜாக்கெட்டும் நெஞ்சுப் பட்டைக் கயிறும் போட்டு, நீங்கள் கரையிலேயே உட்கார்ந்து, நாயை விரிப்பின் மேலேயே இறக்கி ஏற வையுங்கள். எனக்குத் தெரிந்து, சின்ன நாய்க்குச் சொல்லித்தர வேண்டிய தண்ணீர்ப் பாடம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் விளையாட்டு.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில், அப்புறம் கரையில் ஓய்வு. பின்பகுதி தாழ்வது, தெறிப்பு மறுபடி அதிகமாவது, கண் பிதுங்கி வெள்ளை தெரிவது எல்லாம் களைப்பின் அடையாளம். நாயே நிறுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். பந்துக்காக உயிரை விடுகிற நாய்கள் உண்டு. தண்ணீரே வேண்டாம் என்று கால் ஊன்றி நின்றால் விட்டுவிடுங்கள். நீச்சல் பிடிக்காத நாய் ஒன்றும் குறைந்த நாய் அல்ல, அதற்கு வேலி இன்னும் கெட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

பந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் திரும்பத் திரும்பப் பந்து எடுக்க விடுவதும், ஹோஸ் பைப்பில் வரும் தண்ணீரைக் கடித்து விளையாட விடுவதும் வேடிக்கையாக இருக்கும். வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் நிறையத் தண்ணீர் விழுங்குகிறது. சின்ன உடம்பில் அது ரத்தத்திலுள்ள சோடியத்தைக் குறைத்து மூளையை வீங்க வைக்கும். வயிறு உப்பல், வாந்தி, எச்சில் ஒழுகல், குடித்தவன் மாதிரி தள்ளாடும் நடை, அப்புறம் வலிப்பு. சில மணி நேரத்தில் உயிரே போகும். விளையாடி வந்த நாய் தள்ளாடினால், "களைப்பு, தூங்கட்டும்" என்று விடாமல் உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். தண்ணீரை நிறைய விழுங்கியிருக்கும் என்று மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் கேட்டீர்கள். என் அபிப்பிராயம்: பழக்கும் காலத்துக்கும், பரிசலில் ஏற்றுவதானால் அப்போதும், கட்டாயம் வேண்டும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதுகில் கெட்டியான கைப்பிடி இருக்க வேண்டும், அதைப் பிடித்து நாயைப் பெட்டி மாதிரி தூக்க முடிய வேண்டும். வயிற்றின் அடியில் அகலமான பட்டை இருக்க வேண்டும், வெறும் கழுத்து வார் மட்டும் இருப்பது வேண்டாம். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை டேப் வைத்து அளந்து வாங்குங்கள், ஜாதிப் பெயர் பார்த்து அளவு சொல்வது கிராஸ் நாய்க்குப் பொருந்தாது. மாட்டியபின் வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கவிடுங்கள். குழந்தைகளின் காற்று வளையமும், முதுகில் காலி பாட்டில் கட்டுவதும் வேண்டாம். அவை பக்கவாட்டில் சரிந்தால் நாயைக் குப்புறக் கவிழ்த்துவிடும். ஜாக்கெட் போட்டிருக்கிறதே என்று கண்ணை எடுக்கவும் கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கோடையில் பச்சைப் பெயிண்ட் ஊற்றின மாதிரி பாசி மிதக்கும் குட்டையில் இறக்காதீர்கள், அதில் சில வகைப் பாசியின் விஷம் ஈரலைத் தாக்கும், முடியை நக்கினாலே உள்ளே போகும். நொய்யல் பக்கம் இருப்பவர்களுக்கு சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. பவானிசாகர் நீர்ப்பரப்பு, மாயாறு, அமராவதி அணை இங்கெல்லாம் முதலை உண்டு, அமராவதியில் வனத்துறை முதலைப் பண்ணையே நடத்துகிறது. அந்தக் கரைகளில் சின்ன நாய் நீந்தவும் வேண்டாம், தண்ணீர் குடிக்கவும் வேண்டாம்.

தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். வருடா வருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான மருந்து சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கூட்டிலும் இருக்காது. உண்ணிக்கு முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் நனைக்க வேண்டாம். நீந்தி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் அடிமுடி வரை ஒற்றி எடுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால் தோல் புண்ணாகும். காதின் வாயைப் பஞ்சால் துடைத்தால் போதும், பட்ஸ் உள்ளே விடாதீர்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். முதல் விதி, யாரும் பின்னாலேயே குதிக்கக் கூடாது. நாயை எடுக்க இறங்கி ஆள் போன வீடுகள் நம் பக்கம் உண்டு. பாழுங்கிணறு என்றால் கீழே மூச்சுவிடக் காற்றே இல்லாமல் இருக்கலாம். நாலு மூலையிலும் கயிறு கட்டிய கூடையையோ கயிற்றுக் கட்டிலையோ மெதுவாகத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று கீழே வரை இறக்கினால், பல நாய்கள் தாமாக ஏறிக்கொள்ளும். முடியாவிட்டால் 101க்கு அடியுங்கள். கிணற்றில் விழுந்த ஆடு மாடு நாயை எடுக்கத் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்கு அது வழக்கமான வேலை. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

மேலே வந்த நாய் மூச்சு விடுகிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். தலை சற்றுத் தாழ்வாக இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் இருக்கும் சேறு சகதியை விரலால் எடுத்து, நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். மூச்சு இல்லை என்றால், முழங்கைக்குப் பின்னால் நெஞ்சை ஒரு கையால், ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மற்ற விரல்களுமாகப் பிடித்து அமுக்குங்கள். நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சை முழுதாக விரிய விடுங்கள். 30 அமுக்கல் ஆனதும் நாயின் வாயை இறுக மூடி, மூக்கின் மேல் உங்கள் வாயை வைத்து, நெஞ்சு எழும் அளவுக்கு 2 தடவை ஊதுங்கள். மறுபடி 30. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொண்டு, வண்டியில் போகும் வழியிலும் செய்யுங்கள்.

மூச்சு இருந்து எழுந்து நின்றுவிட்டால் எல்லாரும் நிம்மதியாகி விடுவார்கள். அங்கேதான் கவனம் தேவை. நுரையீரலுக்குள் போன தண்ணீர் வேலையைக் காட்ட சில மணி நேரம் ஆகலாம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இருமல், தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, சாப்பாடு வேண்டாமென்று ஒதுங்கிப் படுப்பது இவற்றில் எதைக் கண்டாலும் ராத்திரி என்றாலும் போங்கள். நன்றாகத் தெரிந்தாலும் அன்றைக்கே ஒரு முறை டாக்டரிடம் காட்டுவது நல்லது. உலர்த்திப் போர்வையில் சுற்றி வையுங்கள். வாயில் பாலோ பிராந்தியோ ஊற்றாதீர்கள், இரண்டையும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஆடி 18. கூடுதுறைக்குக் கூட்டிப் போக வேண்டாம். ஆடியில் மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தால் காவிரி இழுப்பு கடுமையாக இருக்கும், படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், வழுக்கும் படி, அறிமுகமில்லாத நாய்கள். நீந்தத் தெரிந்த பெரிய நாயையே நான் அங்கே கொண்டு போக மாட்டேன். கொடிவேரி அணைக்கும் இதையே சொல்வேன். வீட்டில் விட்டுப் போகும்போது கிணற்று மேட்டுப் பக்கமோ குட்டைக் கரையிலோ கட்டிவிட்டுப் போகாதீர்கள். நீளக் கயிற்றோடு சுவரைத் தாண்டிக் குதித்தால் கயிறே கழுத்தை இறுக்கிவிடும். சாளைத் திண்ணையில், நிழலில், கவிழாத கனமான சட்டியில் தண்ணீர் வைத்து, கதவுக்கு உள்பக்கம் விடுங்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மாயி யாராவது மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.